கட்டிப்போடாத கை

கம்பத்தில் ஒரு தெருப் பள்ளிவாசல். அங்கே ஏழு வருஷம், வெள்ளிக்கிழமை தவறாமல், ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஹஜ்ரத் கையேந்தித் துஆ கேட்பார். மழை வேண்டும், பெரியாற்றுத் தண்ணீர் நிற்காமல் வரவேண்டும், நோயாளிகள் சுகப்பட வேண்டும் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "யா அல்லாஹ், கண்காணாத கடலில் கை கட்டுண்டு கிடக்கும் எங்கள் உமர் பாருக்கின் கட்டை அவிழ்ப்பாயாக" என்பார். அறுபது எழுபது தொண்டைகள் ஒன்றாக ஆமீன் சொல்லும். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மைக் வழியாக அது தெரு முழுக்கக் கேட்கும்.

அந்த நேரத்தில் உமர் பாருக் என்ன செய்துகொண்டிருந்தான்? பசிபிக் கடலில், பெயரைச் சொன்னால் நம் வாயில் நுழையாத ஒரு தீவின் ஓரத்தில், நங்கூரம் போட்ட படகின் மேல்தளத்தில் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, சுட்ட மீனும் தேங்காயும் தின்றுகொண்டிருந்தான். கையை யாரும் கட்டவில்லை. சொல்லவே வாய் கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

அவனைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் தையலைச் சொல்ல வேண்டும். குமுளி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் லாரிக்குத் தார்ப்பாயும், மலைக்கு ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப்புகளுக்குப் படுதாவும் தைத்துக்கொண்டிருந்தான். ஒரு சட்டை தைக்கச் சொல்லுங்கள், சொதப்பிவிடுவான். படுதாவைக் கொடுத்தால் ஆள் வேறு. உள்ளங்கையில் தோல் பட்டை மாட்டிக்கொண்டு, மெழுகு தடவிய நூலில், துணியை இரட்டையாக மடித்து அவன் தைத்த தையல் விட்டதாக யாரும் சொன்னதில்லை. அவனுடைய கூட்டாளி சுருளியாண்டி, ஜீப் டிரைவர், "மலைக்காத்துல ஜீப்பு பறந்தாலும் பறக்கும், பாருக்கு தச்ச படுதா பறக்காது" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லுவான்.

உத்தமபாளையத்தில் பெண் எடுத்தான். லத்திபா. மகள் ஷர்மின் பிறந்தாள். எல்லாரையும் போல அவனும் சவூதி போகலாம் என்று தொண்ணூற்றைந்தில் பாஸ்போர்ட் எடுத்தான். விசா வரவில்லை, பாஸ்போர்ட் மட்டும் பெட்டிக்குள் கிடந்தது. தேனி தனி மாவட்டமான தொண்ணூற்றாறில், மழைக்காலத்தில் வேலை குறைந்தபோது, கொச்சியில் ஒரு தார்ப்பாய் கிடங்கில் மூன்று மாதம் தைத்துவிட்டு வருகிறேன் என்று அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டான். வயது இருபத்தொன்பது. அதுவரை அவன் கடலைப் பார்த்ததில்லை.

கிடங்குக்கு ஒருநாள் ஹென்றி என்று ஒரு வெள்ளைக்காரர் வந்தார். நியூசிலாந்துக்காரர், அறுபது வயதிருக்கும், மனைவி செத்துப்போனவர். மனைவி பெயரையே வைத்து 'மார்கரெட்' என்று ஒரு சின்னப் பாய்மரப் படகு வைத்திருந்தார். வந்த வழியில் பாய் கிழிந்திருந்தது. கிடங்குக்காரர் உமர் பாருக்கைக் கைகாட்டினார். அவன் பாயைத் தடவிப் பார்த்தான். இதுவும் படுதாதானே என்று நினைத்தான். மூன்று நாளில் தைத்துக் கொடுத்தான். ஹென்றி தையலில் காலை வைத்து மிதித்து இழுத்துப் பார்த்துவிட்டு, சிங்கப்பூர் வரைக்கும் கூட வருகிறாயா, வழியில் கிழிந்தால் தைக்க ஆள் வேண்டும், ரெண்டு மாசம்தான் என்றார். உமர் பாருக் பக்கத்து வீட்டு போனுக்குப் பேசி, "ரெண்டே மாசம் லத்திபா, வந்துருவேன்" என்றான்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு கடிதம் எழுதினான். பெரிய கப்பல், கம்பெனி வேலை, ஆறு மாதத்தில் வருகிறேன். மூன்றே வரி, மூன்றும் பொய். ரெண்டு பேர் மட்டும் இருக்கிற முப்பத்தைந்து அடிப் படகில், சாப்பாட்டுக்குத் தையல் வேலை பார்க்கிறேன் என்று எழுத அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கடலில் இருந்த காலத்தில் அவன் எழுதிய ஒரே கடிதம் அதுதான்.

பிறகு தீவுகள். ஃபிஜி, டோங்கா, வனுவாட்டு. புயல் காலம் வந்தால் ஏதாவது ஒரு தீவின் உள்வாயில் ஒதுங்குவார்கள். புயல் ஓய்ந்ததும் அடுத்த தீவு. ரெண்டு கைலி, ஒரு போர்வை, தொழுகை விரிப்பு, ஊசிப் பெட்டி, அவ்வளவுதான் அவன் உடைமை. எந்தக் கரையில் இறங்கினாலும் கிழிந்த பாய் ஒன்று காத்திருந்தது. தைத்துக் கொடுத்தால் சேம்பங்கிழங்கு கொடுத்தார்கள், ஈரப்பலா கொடுத்தார்கள். குமுளிப் பக்கத்துக் கடச்சக்கை இங்கே எப்படி வந்தது என்று அவன் முதல் நாள் சிரித்துவிட்டான். சின்னப் பிள்ளைகள் அவனைச் சுற்றி உட்கார்ந்து ஊசி போய் வருவதைப் பார்ப்பார்கள். ஹென்றி ஒருநாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். காற்று வந்தால் போனார்கள், வராவிட்டால் படுத்தார்கள். யாரும் அவனை எதற்கும் விரட்டவில்லை. கம்பத்தில் இருந்தபோது நெஞ்சுக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த ஒரு பதற்றம் அங்கே நின்றுபோயிருந்தது. அவன் சந்தோஷமாக இருந்தான். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது.

முதல் வருஷம் கடிதம் எழுத உட்காரத்தான் செய்தான். அன்புள்ள லத்திபாவுக்கு என்று எழுதியாயிற்று. அப்புறம்? கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை என்று எழுத வேண்டும். நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் பிறகேன் வரவில்லை என்று கேட்பாள். கஷ்டப்படுகிறேன் என்று எழுதினால் பொய். நாளைக்கு எழுதலாம் என்று மடித்து வைத்தான். ரெண்டாம் வருஷம், முதல் வருஷம் எழுதாததற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்தாம் வருஷம் பேனாவைப் பார்த்தாலே எழுந்து போய்விடுவான். கம்பம் மேற்கே இருந்தது. தொழுகைத் திசையான கிப்லாவும் மேற்கே. ஆக, ஒருநாளைக்கு ஐந்து வேளை அவன் லத்திபா இருக்கும் திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். நின்றான், குனிந்தான், எழுந்தான், ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

ரெண்டாயிரத்து ஐந்தில் பாஸ்போர்ட் முடிந்தபோது ஃபிஜியின் சுவா நகரத்தில் இந்தியத் தூதரகத்துக்குப் போனான். ஊரில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. கதவு எண், தெரு, கம்பம், தேனி மாவட்டம், பின்கோடு என்று ஒன்று விடாமல் எழுதினான். எழுத்து ஒன்றும் மறந்துவிடவில்லை. அங்கிருந்து பத்து நிமிஷம் நடந்தால் போஸ்ட் ஆபீஸ். அதைக் கடந்துதான் படகுக்குத் திரும்பினான். வழியில் ரொட்டி வாங்கிக்கொண்டான்.

அந்த வருஷமோ அடுத்த வருஷமோ ஒரு பெரிய சூரை மீன் தூண்டிலில் மாட்டியது. தூண்டில் நரம்பை வலது கையில் சுற்றிக்கொண்டு இழுத்தான். நரம்பு மணிக்கட்டைச் சுற்றி அறுத்துவிட்டது. ரத்தத்தோடு மீனையும் மேலே போட்டான். ஹென்றி ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அங்கே வளையம் போல ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது.

ரெண்டாயிரத்து எட்டு ஆகஸ்டில் ஹென்றி தூக்கத்திலேயே இறந்தார். ஒரு தீவில் புதைத்தார்கள். அவருடைய மகன் வந்து படகை விற்றுவிட்டு, உமர் பாருக்குக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். அதனால்தான் உமர் பாருக் ஊருக்கு வந்தான். போக வேறு இடம் இருந்திருந்தால் அங்கே போயிருப்பானோ என்னவோ, அவனுக்கே தெரியாது. அதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்குக் காது சுடும்.

நவம்பர் மழையில் கம்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினான். ஒரு ஜீப்பின் படுதா முதலில் கண்ணில் பட்டது. ஓரம் நைந்து போயிருந்தது. தையல் அவனுடையது. அதன் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவன் கிளாசைக் கீழே போட்டான்.

"ஏலே பாருக்கா! உசுரோடயா இருக்க?"

சுருளியாண்டி நரைத்திருந்தான். கட்டிப்பிடித்து அழுதான். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையை விரித்துக் காட்டினான்.

"ஒனக்காக வீரபாண்டித் திருவிழாவுல மூணு வருசம் அக்கினிச்சட்டி எடுத்தேன்டா. எல்லாருக்கும் ஆத்தா குளுமையா இருப்பா. எனக்கு ரெண்டாம் வருசம் கை பொத்துப்போச்சு. இந்தா பாரு."

உள்ளங்கையில் தோல் சுருங்கியிருந்தது. உமர் பாருக்குக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்காக எதற்கு என்று கேட்க வாயெடுத்தான். அதற்குள் சுருளியாண்டி அவன் மணிக்கட்டைப் பார்த்துவிட்டான்.

"இங்கனதான் கட்டியிருந்தானுகளா?"

உமர் பாருக் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டான்.

"சரி விடு. சொல்ல வேணாம். மனசு ஆறட்டும்" என்று சொல்லி அவன் ஹாரனை அமுக்கிக்கொண்டே தெருவுக்குள் திரும்பினான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அதைத்தான் அவன் சொல்லவில்லை.

வீடு நிறைய ஆட்கள். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கையைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில், வீட்டில், தெருவில் எல்லாரும் சொல்லி வளர்த்த கட்டின் அடையாளம் அங்கே இருந்தது. விரலால் தடவினாள்.

"வலிச்சுச்சா அத்தா?"

"இல்லம்மா" என்றான். அன்றைக்கு அவன் சொன்ன ஒரே உண்மை அது. எவ்வளவு நெஞ்சுரம் பாரு என்று பின்னால் யாரோ விம்மினார்கள்.

லத்திபா அடுப்படி வாசலில் நின்றாள். மெலிந்திருந்தாள், மூக்கில் கண்ணாடி ஏறியிருந்தது. "வந்துட்டீகளா" என்றாள். அவ்வளவுதான். திரும்பிப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். ஆள் போய் வைகை அணைக் கெண்டை மீன் வாங்கி வந்தது. அந்த வீட்டு அடுப்பில் பன்னிரண்டு வருஷமாக மீன் ஏறியதில்லையாம். கடல் அவரைத் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் மீனைத் தொட மாட்டேன் என்று நேர்ந்திருந்தாள். அணை மீனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களிடம், தண்ணிக்குத் தண்ணி உறவுதான் என்று சொல்லிவிட்டாளாம். உமர் பாருக் குழம்பைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வருஷமாக அவன் மீனைத் தவிர வேறு கறி தின்றது கணக்கில் சேராது.

லத்திபாவின் தம்பி நசீம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன்தான் விஷயத்தைச் சொன்னான்.

"மச்சான், என்னைய மன்னிச்சிருங்க. ரெண்டாயிரத்தி ஒண்ணுல நாந்தான் ஜமாத்துல போய் நின்னேன். நாலு வருசத்துக்கு மேல தகவல் இல்ல, அக்காளுக்கு நிக்காஹ முறிச்சுக் குடுங்கன்னு. தேவாரத்துல ஒரு நல்ல எடம் இருந்துச்சு. ஜமாத்துக்காரக வீட்டுக்கு வந்து கேட்டாக. அக்கா திரைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'அல்லா மேல ஆணையாச் சொல்றேன். அவுக கை சும்மா இருந்தா எனக்கு ஒரு வரியாச்சும் எழுதாம இருக்க மாட்டாக. எழுதலேன்னா கை கட்டிக் கெடக்குன்னு அர்த்தம். கை கட்டிக் கெடக்குற மனுசர விட்டுட்டு நான் எங்க போவேன்?'ன்னுச்சு. அன்னைக்கி இருந்த பெரியவுக அத்தன பேரும் அழுதுட்டாக. அடுத்த வெள்ளிக்கெழமையிலருந்து ஒங்களுக்குப் பள்ளியில துஆ. ஒரு வாரம் விட்டதில்ல."

உமர் பாருக்கின் கையிலிருந்த கவளம் தட்டில் விழுந்தது. களைப்பு என்று நினைத்து நசீமே அவனுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினான்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஹஜ்ரத் அவனை முன்வரிசையில் உட்கார வைத்து, தொழுகை முடிந்ததும் மைக்கை நீட்டி, ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார். எதிரே எழுபது முகங்கள். பாதிப் பேரை அவனுக்கு அடையாளமே தெரியவில்லை. அவன் போனபோது பையன்களாக இருந்தவர்கள். அவனை ஒரு தடவைகூடப் பார்க்காமலே அவனுக்காக அழுதவர்கள். "உங்க துஆவுலதான் வந்து சேந்தேன்" என்றான். உட்கார்ந்துவிட்டான். பள்ளிவாசல் தேம்பியது. ஹென்றி செத்ததால் வந்து சேர்ந்தேன் என்பதை அவன் விழுங்கிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் லத்திபா தையல் மிஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். அது அவனுடைய பழைய மிஷின். அவள் அதில்தான் பன்னிரண்டு வருஷம் வீட்டை நடத்தியிருக்கிறாள். ஷர்மின் டியூஷன் போயிருந்தாள். அவன் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"லத்திபா, ஒண்ணு சொல்லணும்."

மிஷின் நின்றது.

"என் கைய யாரும் கட்டல."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "செயில்ல போடலயா?"

"இல்ல."

"நோவுல கெடந்தீகளா?"

"இல்ல. ஒரு படகுல இருந்தேன். பாய் தச்சேன். தீவு தீவாப் போனோம்." தரையில் கிடந்த ஒரு துண்டுத் துணியை எடுத்து மடித்தான். "நல்லா இருந்தேன்."

தெருவில் யாரோ பழ வண்டி தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அங்கன போஸ்டாபீசு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எத்தன?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு விரல் விட்டு எண்ணினான். "நான் பாத்தது பதினொண்ணு." பிறகு அவள் கேட்காமலே பாஸ்போர்ட் விண்ணப்பத்தையும் சொன்னான். அதை ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஒன்றைச் சொன்ன வாய் நிற்கவில்லை.

"கதவு நம்பரக் கூடவா எழுதுனீக?"

"ஆமா."

"அப்ப மறக்கல" என்றாள். "இந்தத் தழும்பு?"

"பெரிய மீனு ஒண்ணு. நரம்பு அறுத்துருச்சு."

"மீனா?" என்றாள் லத்திபா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அவள் கத்தியிருந்தால், பாத்திரத்தை எறிந்திருந்தால், அவனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் ஜாக்கெட்டுக்குக் கை தைத்து முடித்துவிட்டு, கழுத்துத் தைத்து முடித்துவிட்டு, விளக்கைப் போட எழுந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தான். வேண்டாம், நோன்பு என்றாள். ரமலான் முடிந்து ரெண்டு மாதம் ஆகிறது, இதென்ன நோன்பு?

"அல்லா மேல ஆணையிட்டுச் சொன்னேன்ல, அது பொய்யாப்போச்சே. பொய்யாப்போன சத்தியத்துக்கு ஈடா பத்து ஏழைகளுக்குச் சோறு போடணும், இல்லேன்னா மூணு நாளு நோன்பு வைக்கணும். நான் நோன்பு வச்சுக்கிறேன்."

அவன் செய்த குற்றத்துக்கு அவள் பட்டினி கிடக்கிறாள். வாங்கி வந்த டீயை அவன் வாசலில் கொட்டினான். மறுநாள் ஹஜ்ரத்திடம் ஓடினான். அவரிடம் சட்டம் கேட்க வேண்டுமானால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். சொன்னான். ஹஜ்ரத் மனசுக்குள் கணக்குப் போட்டார்.

"ஏறக்கொறைய முன்னூத்தம்பது வெள்ளிக்கெழமை" என்றார். வேறொன்றும் திட்டவில்லை. பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். "அவுங்க மனசார உண்மைன்னு நம்பித்தான் சத்தியம் பண்ணினாக. அதுல குத்தமில்ல. நோன்பு தேவையில்லன்னு போய்ச் சொல்லுங்க."

ஏதோ சாதித்துவிட்டவன் போல உமர் பாருக் வேகவேகமாக வீட்டுக்கு வந்தான். "ஹஜ்ரத்துகிட்டக் கேட்டுட்டேன். ஒன் மேல குத்தமே இல்லயாம். நோன்ப முறிச்சிரு."

லத்திபா நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "ஹஜ்ரத்து சரியாத்தான் சொல்லுவாக. அல்லாவுக்குத் தெரியும், மன்னிச்சிருவான். ஆனா நான் சொன்னத நம்பி அழுதவுக இங்கன இருக்காகளே, சுருளியாண்டி அண்ணன் சட்டி தூக்கி கையச் சுட்டுக்கிட்டாகளே, அவுக யாரப் போய் மன்னிப்பாக? அவுகளுக்கு யாரு சொல்றது?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "மூணு நாளு என் பங்கு. நான் முடிச்சுருவேன். மிச்சம் ஒங்க பங்கு."

வியாழக்கிழமை அவள் மூன்றாவது நோன்பைத் திறந்தாள். பேரீச்சம்பழத்தை அவனுக்கும் ஒன்று கொடுத்தாள். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தது. இந்தத் தடவை யாரும் கூப்பிடவில்லை, அவனாக எழுந்து போய் மைக்கின் முன்னால் நின்றான். ஹஜ்ரத் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழி விட்டார். நாலு வீடு தள்ளி, மிஷின் முன்னால் லத்திபா உட்கார்ந்திருப்பாள், இது அவளுக்குக் கேட்கும் என்பது ஒன்றுதான் அவன் புத்தியில் இருந்தது.

"என் கைய யாரும் கட்டல" என்றான். குரல் ஹாரன் ஸ்பீக்கரில் போய்த் திரும்பி அவன் காதிலேயே விழுந்தது. "நான் செயில்லயும் இல்ல. நல்ல மனுசர் ஒருத்தரோட படகுல இருந்தேன். சாப்பாட்டுக்குக் கொறவில்ல. எழுதியிருக்கலாம். எழுதல. சந்தோசமா இருந்தேன், அதான் எழுதல. நீங்க எனக்காக அழுத நேரமெல்லாம் நான் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். என் வீட்டுல சொன்ன சத்தியம் பொய்யில்ல. அவுக நெனச்ச ஆளுதான் பொய்யி."

பாங்கு சொல்லும் மோதினார் மைக்கை அணைக்கக் கை நீட்டினார். ஹஜ்ரத் வேண்டாம் என்று தலையசைத்தார். நசீம் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. வயதான ஒருவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவரைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் எழுந்தார்கள். ஹஜ்ரத் கையேந்தினார். மழை கேட்டார், ஆறு கேட்டார், நோயாளிகளுக்குச் சுகம் கேட்டார். ஏழு வருஷத்து வழக்கம், நாக்கு தானாக அடுத்ததற்குப் போய்விட்டது. "யா அல்லாஹ், கண்காணாத கடலில் கை கட்டுண்டு..." என்று ஆரம்பித்து நின்றார். தெரு முழுக்க அந்த நிறுத்தம் கேட்டது. பிறகு, "எங்கள் உமர் பாருக்கை மன்னிப்பாயாக" என்று முடித்தார். ஆமீன் வந்தது. எல்லாரும் சொல்லவில்லை.

வெளியே ஜீப்பில் சாய்ந்துகொண்டு சுருளியாண்டி நின்றான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். தன் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்தான்.

"மூணு வருசம்டா" என்றான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

உமர் பாருக் நாலு வீட்டுத் தூரத்தை நடந்து கடந்தான். ஜன்னல்களில் ஆட்கள் இருந்தார்கள். நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டில் ஷர்மின் அவனைக் கண்டதும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போக வேண்டும். அங்கே இந்தக் கதை அவளுக்கு முன்னால் போயிருக்கும். அவளுடைய அத்தா யார் என்று இனி அவள்தான் எல்லாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டும். சாத்திய கதவுக்கு வெளியே அவன் தரையில் உட்கார்ந்தான்.

லத்திபா மிஷினின் இழுப்பறையைத் திறந்து ஒரு இன்லேண்ட் லெட்டரும் பேனாவும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"என்ன இது?"

"ஒங்க கை சும்மா இருந்தா எனக்கு எழுதுவீகன்னு ஊரக் கூட்டிவச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். இப்ப சும்மாத்தான இருக்கு?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் கேலி இல்லை.

"எழுதி போஸ்டுல போடுங்க. கையில குடுக்க வேணாம்" என்றாள்.

அன்று இரவும் மறுநாள் காலையும் அவன் அந்த நீலத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகவரி எழுதுவதற்கு நேரமாகவில்லை. கதவு எண், தெரு, கம்பம், தேனி மாவட்டம், பின்கோடு. உள்பக்கம்தான் ஓடவில்லை. மேலே நடுவில் 786 என்று எழுதினான். அன்புள்ள லத்திபாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அலையைப் பற்றி எழுதலாமா, ஈரப்பலாவைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தான். ஐந்து வேளையும் உன் திசைக்குத்தான் திரும்பினேன் என்று எழுதப் பார்த்தான். திரும்பியது முகம் மட்டும்தான் என்று அவனுக்குத் தெரியும், எழுதவில்லை. கடைசியில் எழுதியது இவ்வளவுதான்: நான் நலமாக இருந்தேன். எழுதியிருக்கலாம். உன்னை நினைக்காத நாட்களும் உண்டு. வெட்கமாக இருக்கிறது.

ஒட்டி, போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் நடந்துபோய்ப் பெட்டியில் போட்டான்.

திங்கட்கிழமை மத்தியானம் தபால்காரர் குருசாமி சைக்கிளில் வந்தார். அனுப்புநர் முகவரியைப் பார்த்தார், பெறுநர் முகவரியைப் பார்த்தார், முன்னறையில் ஒரு லாரித் தார்ப்பாயை விரித்துத் தைத்துக்கொண்டிருந்த உமர் பாருக்கைப் பார்த்தார். வாசலில் நின்று, "லத்திபா, தபால்" என்று குரல் கொடுத்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்தாள். நாலு வரியைப் படிக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. மடித்து இழுப்பறைக்குள் வைத்தாள். அங்கே சிங்கப்பூர்த் தபால்தலை ஒட்டிய பழைய கடிதம் ஒன்று பன்னிரண்டு வருஷமாகத் தனியாகக் கிடந்தது.

சாயங்காலம் ஷர்மின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. அத்தாவைப் பார்க்காமல் அவனைக் கடந்து உள்ளே போனாள். லத்திபா மிஷினை நிறுத்திவிட்டு மகளிடம் சொன்னது மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த அவனுக்கும் நன்றாகக் கேட்டது.

"ஷர்மின், ஒங்க அத்தாகிட்டருந்து லெட்டர் வந்திருக்கு."